கீழேயிருந்து வரைந்த முகங்கள்

1 ஜூலை 2025, செவ்வாய்

“டீச்சர், உங்க தாவாங்கட்டைக்கு அடியில ஒரு மச்சம் இருக்குது. உங்களுக்குத் தெரியுமா?”

போன வெள்ளிக்கிழமை சுவாதி இப்படிக் கேட்டாள். தெரியாது என்றேன். அறுபத்திரண்டு வயதாகிறது, தினமும் கண்ணாடி பார்க்கிறவள்தான், ஆனாலும் தெரியாது. வீட்டுக்கு வந்து கைக்கண்ணாடியை மேசைமேல் மல்லாத்தி வைத்துக் குனிந்து பார்த்தேன். இருக்கிறது. மிளகில் பாதி அளவு. கணவர் எட்சனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இதுல என்ன அதிசயம்? முப்பத்தஞ்சு வருஷமா பாத்துகிட்டுதான இருக்கேன்” என்றார்.

“சொல்லவே இல்லையே?”

“நீ கேக்கவே இல்லையே.”

சிரித்துக்கொண்டே தூங்கிப்போனேன். ஆனால் அந்தக் கேள்வி நான்கு நாட்களாகக் கூடவே வருகிறது.

சுவாதிக்குப் பத்து வயது. முதுகெலும்பில் கட்டி. எட்டு மாதமாக மல்லாந்த நிலையிலேயே இருக்கிறாள். கழுத்தில் பட்டை. தலையைத் திருப்ப முடியாது. பாகலூர் ரோட்டில் ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் அந்த இடத்தை நாங்கள் எல்லோரும் ‘வீடு’ என்றுதான் சொல்கிறோம். ஏழு கட்டில்கள். மருந்தால் இனி குணமாகாது என்று தெரிந்த பிள்ளைகள், வலியாவது இல்லாமல் இருக்கட்டும் என்று வந்து தங்கும் வீடு. செவ்வாயும் வெள்ளியும் நான் தாளும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

மத்தூர் பள்ளியில் டீச்சராக இருந்த பழக்கத்தில், முதல் வாரம் பாடம் நடத்தப் பார்த்தேன். தாளின் நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டு, “இதுதான் அடிவானம், இதுக்கு மேல ஆகாசம், இதுக்குக் கீழ பூமி” என்றேன். சுவாதி கொஞ்ச நேரம் பார்த்தாள். “இந்தக் கோடு எங்க இருக்குது டீச்சர்?” என்றாள். நிமிர்ந்து நிற்கிறவர்களுக்குத்தான் அந்தக் கோடு. மல்லாந்து படுத்திருப்பவளுக்கு அடிவானம் ஏது? அன்றிலிருந்து நான் பாடம் நடத்துவதில்லை. அட்டையை அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பேன். அதுதான் என் வேலை.

4 ஜூலை, வெள்ளி

இதுவரை வரைந்தவற்றை இன்று எண்ணினோம். பதினேழு படங்கள். எல்லாமே கீழேயிருந்து பார்த்தவை. சீலிங் ஃபேனின் அடிவயிறு. சாப்பாட்டுத் தட்டின் அடிப்பக்கம், அதில் தட்டிய பாத்திரக் கம்பெனியின் முத்திரையோடு. நர்ஸ் அனிட்டாவின் கழுத்துச் சங்கிலி காற்றில் தொங்குகிறது; சிலுவை சுவாதியின் மூக்குக்கு நேரே. ஆயா மாரம்மாவின் இரண்டு மூக்குத்திகளும் மூக்கின் இரண்டு குகைகளுக்குக் காவல் நிற்கிறவை போல.

மாரம்மா தன் படத்தைப் பார்த்துவிட்டு, “அய்யோ தேவரே! இது மூக்கா, சந்தாபுரா சுரங்கப்பாதையா? இதுக்குள்ள லாரி போகும்டி!” என்று கத்தினாள். சுவாதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தால் முதுகு வலிக்கும். வலித்தாலும் சிரித்தாள்.

அவள் அம்மா வினோதாவுக்கு ஆறு படங்கள். ஒவ்வொன்றிலும் தாடைக்குக் கீழே உள்ள மடிப்பு வேறு மாதிரி. “இது அம்மா அழுதுட்டு வந்தப்ப. இது தூக்கத்துல. இது பொய் சொல்றப்ப.” அம்மா பொய் சொல்லும்போது தொண்டையில் ஒரு குழி விழுகிறதாம். வினோதா சட்டென்று தொண்டையைக் கையால் மூடிக்கொண்டாள்.

“அப்பா எங்கே?” என்றேன். கேட்டிருக்கக் கூடாதோ.

“அப்பா வரல டீச்சர். படத்துக்கு.”

அவள் அப்பா மாதவன் தினமும் வருகிறார். சிப்காட்டில் வார்ப்படக் கம்பெனியில் வேலை. முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து, அறை வாசற்படியில் நிற்பார். உள்ளே வரமாட்டார். வாசல் கட்டிலின் தலைப்பக்கம் இருக்கிறது. தலையைத் திருப்ப முடியாத பிள்ளைக்கு அவர் தெரியவே மாட்டார். அவருடைய கனத்த ஷூ சத்தம் மட்டும் கேட்கும். அதன் பிறகு எப்போதும் இதே பேச்சு:

“சுவாதி.”

“ம்.”

“சாப்டியா?”

“ம்.”

“என்ன சாப்ட?”

“ராகிக் கூழு.”

“சரி.”

பத்து நிமிடம் அப்படியே நின்றுவிட்டுப் போய்விடுவார்.

இன்று அவர் போன பிறகு சுவாதி சொன்னாள்: “அப்பா தாவாங்கட்டை எப்டி இருக்கும்னு மறந்துடுச்சி டீச்சர். ஒரு தடவை கிட்ட வந்து குனிஞ்சா போதும். நான் வேகமா வரைஞ்சிடுவேன்.”

6 ஜூலை, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை. போதகரின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

8 ஜூலை, செவ்வாய்

அட்டையைத் தூக்கிப் பிடித்து என் தோள்பட்டை போய்விட்டது என்று புலம்பியதைக் கேட்டு எட்சன் ஒன்று செய்து கொடுத்தார். பழைய மேசை விளக்கின் மடக்குக் கை. அதன் நுனியில் அட்டையைச் செருக ஒரு பிடி. கட்டில் கம்பியில் மாட்டினால் வேண்டிய உயரத்தில் நிற்கும். முப்பது வருடம் மெஷின் ஷாப்பில் இருந்த மனிதர். ஒரு பிள்ளை படம் வரைவதற்கு என்றதும் ஸ்க்ரூவைக்கூட உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியிருக்கிறார்.

மதியம் இரண்டரை மணிக்கு அந்த அறையில் ஒன்று நடக்கும். பக்கத்துத் தோட்டத்தில் ரோஜாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கூடாரத்தின்மேல் வெயில் பட்டு, அந்த ஒளி எங்கள் கூரைக்கு வந்துவிடும். காற்றில் பிளாஸ்டிக் அசைய, கூரையில் வெளிச்சம் நீந்தும். மொத்த அறையும் ஏரிக்கு அடியில் இருப்பது போல ஆகிவிடும். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நிற்கிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நானும் இன்றுதான் சுவாதி சொல்லி அண்ணாந்து பார்த்தேன்.

பக்கத்துக் கட்டில் ஹரீஷ்குமாருக்கு ஏழு வயது. இதயம் களைத்துப்போன பிள்ளை. பேனா பிடிக்கப் பிடிக்காது. நீலச் சாயத்தைத் தாளில் சொட்டிவைத்தால் ஸ்ட்ராவால் ஊதுவான். மூச்சு அவ்வளவாக இல்லை. சாயம் ஒரு விரல் நீளம் ஓடி நின்றுவிடும்.

“இது என்னடா?”

“மழை.”

“எங்க பெய்யுது?”

“கர்நாடகாவுல. இங்க நாளைக்கு வரும்.”

11 ஜூலை, வெள்ளி

தூறல். ஹரீஷ் என்னைப் பார்த்து, ‘சொன்னேனா இல்லையா’ என்பது போல ஒரு விரலைத் தூக்கினான்.

13 ஜூலை, ஞாயிறு

கனவு. மத்தூர் பள்ளி. பிள்ளைகள் எல்லோரும் கூரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் தரையில் படுத்துக்கொண்டு வருகைப் பதிவு எடுக்கிறேன். பெயரைக் கூப்பிட்டால் பதிலுக்கு ஒரு உள்ளங்கால் தெரிகிறது. எல்லா உள்ளங்காலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது.

15 ஜூலை, செவ்வாய்

சுவாதியின் கை நடுங்குகிறது. வலி மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு இலையை வரைய ஆரம்பித்து நடுவில் தூங்கிவிட்டாள். பேனா தாளின்மேல் தானாக இறங்கி ஒரு நீண்ட பச்சைக் கோடு. எழுந்ததும் அதைப் பார்த்து, “இது நான் தூங்கினப்ப போன வழி” என்றாள்.

அனிட்டாவைத் தனியாகக் கேட்டேன். அவள் மருந்து டிரேயைத் துடைத்தபடி, “மூணு வாரம். நாலு வாரம்னு நான் சொல்லமாட்டேன் டீச்சர். கையில பேனா நிக்கிறது அதுக்கும் முன்னாடியே போயிடும்” என்றாள்.

அப்பா வந்தார். நின்றார். சாப்டியா. சரி. போனார்.

18 ஜூலை, வெள்ளி

இன்று ஒரு தப்பு செய்தேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் கை கழுவும் குழாய் இருக்கிறது. மாதவன் அங்கே முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். சாம்பல் நிற யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை. நான் போய் முன்னால் நின்றேன். பெற்றோர் கூட்டத்துக்கு வராத அப்பாக்களைப் பிடித்துப் பேசுவேனே, அதே குரல். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் தொண்டையில் அப்படியே இருக்கிறது.

“ஏங்க, பெத்த பொண்ணு. பத்தடி நடந்து போய்க் கிட்ட நின்னா என்ன குறைஞ்சிடும்? அவ உங்க மூஞ்சிய மறந்துகிட்டு இருக்கா. எத்தனை நாள் இருக்குதுன்னாவது தெரியுமா உங்களுக்கு?”

சோப்பு நுரை அவர் கையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. “சரிங்க மேடம்” என்றார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வாசற்படிக்குக்கூட வரவில்லை. மதில்மேல் அவர் மறந்துவிட்ட ஒரு பை இருந்தது. அதில் புது ஸ்கெட்ச் பேனா செட், இருபத்திநாலு நிறம்.

வகுப்பில் எதிர்த்துப் பேசுகிற பையன் மறுநாள் வந்துவிடுவான். “சரிங்க டீச்சர்” என்று தலைகுனிந்து போகிறவன்தான் வரமாட்டான். இது எனக்குத் தெரியாததா? தெரிஞ்சும் ஏன் பேசின? யாரு நீ அங்க? அட்டை பிடிக்கப் போனவ அட்டை பிடிச்சிட்டு வரவேண்டியதுதான?

22 ஜூலை, செவ்வாய்

நான்கு நாட்களாக அவர் வரவில்லை.

“ஷூ சத்தமே இல்ல டீச்சர்” என்றாள் சுவாதி. நான்தான் துரத்திவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

வினோதா போனில் அவர் போட்டோவைக் காட்டினாள். “இது நேரா இருக்குது. எனக்குக் கீழ இருந்து வேணும்” என்றாள் சுவாதி. வீடியோவில் கூப்பிட்டு, போனைத் தாழ்வாகப் பிடிக்கச் சொன்னோம். அவரும் பிடித்தார். பாவம், தாடையும் கழுத்தும் நன்றாகவே தெரிந்தன. சுவாதி பேனாவைக்கூடத் திறக்கவில்லை. “அது செல்லு பாக்குது. நான் பாக்கல” என்றாள். அப்புறம், “அப்பா, நேர்ல வாங்க” என்றாள். போனில் கொஞ்ச நேரம் கம்பெனிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வினோதா என்னிடம் ஒருமுறைகூட நேராகப் பேசியதில்லை. இன்று வராந்தாவில் பேசினாள்: “ரெண்டு வருஷமா இப்டிதான் டீச்சர். கட்டிப்பிடிச்சித் தூக்கிகிட்டுத் திரிஞ்ச மனுஷன். திடீர்னு தள்ளித் தள்ளி நிக்க ஆரம்பிச்சிட்டாரு. சீக்குப் புள்ளைனு வெறுத்துட்டியானு கேட்டுட்டேன் ஒரு நாள். அதுல இருந்து எங்கிட்டயும் பேச்சு குறைஞ்சி போச்சி.”

25 ஜூலை, வெள்ளி

ஹரீஷின் கட்டில் காலி. விரிப்பு மாற்றப்பட்டிருந்தது. வெளியே மழை. எங்கேயும் போகாமல் இங்கேயே பெய்தது.

26 ஜூலை, சனி

எட்சனின் பைக்கில் ஜூஜுவாடி போனோம். லாரி ஷெட்டுகளுக்குப் பின்னால் வரிசை வீடுகள். மூன்றாவது வீடு அவர்களுடையது. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியம் தயார் செய்துகொண்டே போனேன்.

மாதவன் கதவைத் திறந்ததும் பின்வாங்கினார். பிறகு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“நீங்க சொன்னது தப்பில்ல மேடம். உங்களுக்குத் தெரியாது, அவ்ளோதான்” என்று ஆரம்பித்தார். நான் தயார் செய்த வாக்கியம் எனக்கு மறந்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூருவில் பெரிய ஆஸ்பத்திரியில் சுவாதிக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சமயம். ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி அடியோடு குறைந்திருந்தது. வினோதா தன் அப்பாவின் சாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள். மாதவன் ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து, யூனிஃபார்மோடு ஓடிப்போய்ப் பிள்ளையைக் கட்டிக்கொண்டார். மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். பதினோரு நாள் தீவிர சிகிச்சை.

“ஒரு டாக்டர் கூப்பிட்டாரு. சின்ன வயசுக்காரரு. திட்டல. நல்லபடியாதான் சொன்னாரு. கம்பெனித் தூசோட கிட்ட வராதீங்க, ரூமுக்கு வெளிய நின்னு பேசுங்க, நாங்க சொல்ற வரைக்கும்னு.” மாதவன் எங்கள் பின்னாலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சொல்ற வரைக்கும்னாரு மேடம். அப்புறம் யாரும் சொல்லவே இல்ல.”

இரண்டு வருடம்! எட்டு டைல்ஸ் தள்ளி நிற்கிறாராம். எண்ணி வைத்திருக்கிறார்.

“வினோதாவுக்குத் தெரியாதா?”

“என்னாலதான் புள்ளைக்கு அவ்ளோ ஆச்சினு எப்டி மேடம் சொல்றது?”

“அதெல்லாம் அப்போ. இப்ப அந்த விதி கிடையாதுங்க. நான் சொல்றேன், நீங்க போகலாம்” என்றேன்.

மாதவன் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். மரியாதையாகத்தான் சொன்னார். “நீங்க டீச்சர் மேடம்.”

திரும்பும்போது எட்சன் பைக்கை ஓரம் கட்டி நிறுத்தினார். “கிருபா, நீ வாயால சொன்னா அவன் எப்படிக் கேப்பான்? ஷாப் ஃப்ளோர்ல ஒரு எச்சரிக்கை ஒட்டிட்டாங்கன்னா, அத எடுக்க இன்னொரு பேப்பர் வரணும். தேதி, கையெழுத்து, சீல். மெஷின் ரிப்பேர் முடிஞ்சி ஓடற மாதிரி இருந்தாலும் பேப்பர் வராம எவனும் கை வைக்கமாட்டான். வெச்சவனுக்கு விரல் இருக்காது. அவனுக்கும் அதுதான் பழக்கம்.”

வீட்டுக்கு வந்து யோசித்துக்கொண்டே இருந்தேன். என் வகுப்பில் எஸ்தர் என்று ஒரு பெண். பிரார்த்தனைப் பாட்டுக்கு முன்வரிசையில் நிற்பாள். ஒரு ஜூலையில் சளி பிடித்திருந்தது. “தொண்டை சரியாகிற வரை பாடாதே” என்றேன். மறந்துவிட்டேன். அவள் கல்யாணத்துக்குப் போனபோது அவள் அம்மா சொன்னாள், “எட்டாவது முடிக்கிற வரைக்கும் அவ ஸ்கூல்ல பாடவே இல்ல டீச்சர், நீங்க மறுபடி பாடச் சொல்லவே இல்லையாம்.” கூடாது என்று சொல்ல ஒரு நொடி போதும். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் யாருடைய வேலையும் இல்லாமல் போகிறது.

28 ஜூலை, திங்கள்

திங்கட்கிழமைகளில்தான் டாக்டர் ரூபி அந்த ‘வீட்டுக்கு’ வருவார். எட்சனும் நானும் ஒன்பதுக்கே போய்க் காத்திருந்தோம். சொல்லி முடித்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நிறைய அப்பாக்கள் வாசல்லயே நின்னுடுவாங்க டீச்சர். பாக்கத் தாங்காது. இவரும் அப்படித்தான்னு விட்டுட்டோம். ஏன்னு நாங்க ஒருத்தரும் கேக்கல.”

பெங்களூரு கோப்பை எடுத்துவரச் சொல்லி அரைமணி நேரம் புரட்டினார். அந்தக் காய்ச்சலின் ரத்தப் பரிசோதனை அதில் இருந்தது. பிறகு எழுத ஆரம்பித்தார். எட்சன் பக்கத்தில் நின்று, “விதினே போடுங்க டாக்டர். ரத்துனு போடுங்க. எந்தத் தேதியில இருந்துனு போடுங்க” என்று ஆலோசனை சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதியதை நான் இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

‘திரு. மாதவன் அவர்களுக்கு. சிகிச்சைக் காலத்தில் சொல்லப்பட்ட, சுவாதியின் அருகில் வரக் கூடாது என்ற விதி 28.07.2025 முதல் ரத்து செய்யப்படுகிறது. நீங்கள் அருகில் வரலாம். உட்காரலாம். தொடலாம். முத்தம் கொடுக்கலாம். தூக்குவது மட்டும் வேண்டாம், முதுகுக்காக. அன்று வந்த காய்ச்சலுக்குக் காரணம் அவள் குடலிலேயே இருந்த கிருமி என்று பரிசோதனை அறிக்கை சொல்கிறது. நீங்கள் காரணம் அல்ல.’

“சீல்?” என்றார் எட்சன்.

சீல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அனிட்டா மூன்று டிராயரைக் கவிழ்த்தாள். மாரம்மா கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டே மருந்து அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மை காய்ந்திருந்தது. சுவாதியின் ஊதா ஸ்கெட்ச் பேனாவை உரசி அழுத்தினோம். ஊதா வட்டம், கொஞ்சம் கோணலாக.

29 ஜூலை, செவ்வாய்

சுவாதி நாள் முழுக்கத் தூங்கினாள். அட்டையை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கூரையில் வெளிச்சம் வந்து நீந்திவிட்டுப் போனது.

எட்சன் சிப்காட்டுக்குப் போய், கம்பெனி கேட்டிலேயே மாதவனைப் பிடித்துத் தாளைக் கொடுத்தாராம். அவர் மூன்று முறை படித்தாராம். கடைசி வரியை விரலால் தொட்டுக்கொண்டே நின்றாராம். பிறகு கேட்டது ஒன்றுதான்: “குளிச்சிட்டு வந்தா போதுமா சார், முடி வெட்டிகிட்டு வரணுமா?”

எட்சன் இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பைக் சுத்தமாகத்தான் இருந்தது.

30 ஜூலை, புதன்

என் நாள் இல்லை. ஆனாலும் போனேன்.

மூன்றே கால் இருக்கும். சுவாதி விழித்திருந்தாள், ஆனால் மருந்து மயக்கம் கண்ணில் இருந்தது. வாசலில் மாதவன். வெள்ளை வேட்டி, துவைத்து மடித்த கோடு தெரியும் சட்டை. தலை ஈரம். ஷூவைக் கேட்டிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார். அதனால் அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. அவர் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

வாசற்படியில் நின்றார். பையிலிருந்து தாளை எடுத்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒவ்வொரு டைல்ஸாக நடந்தார். வினோதா கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அவர் குனிந்தார்.

சுவாதியின் கண்களுக்கு முன் திடீரென்று ஒரு முகம். கனவா என்று பார்க்கிறாள் போல. பிறகு சொன்னாள்:

“ஷேவ் பண்ணலையா?”

“அவசரத்துல மறந்துட்டேன்மா.”

“நல்லாருக்குது. அசையாதீங்க.”

பேனாவை அவள் விரலில் ரப்பர் பேண்டால் கட்டினேன். முப்பத்தைந்து நிமிடம். கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி அவர் குனிந்தபடியே நின்றார். வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்கிற முதுகுதான். அதற்கும் நடுக்கம் வந்தது. அவள் நாலு கோடு போடுவாள், கண்ணை மூடுவாள், திறப்பாள், மறுபடி போடுவாள். நடுவில் சொன்னாள், “அப்பா, மேல சொட்டுது.”

“துடைக்கட்டுமா?”

“வேணாம். அசைஞ்சிடுவீங்க.”

இடது காது பாதியில் நின்றது. பேனா சாய்ந்தது. “மீதி நீங்க நெனச்சிக்கங்க” என்று தூங்கிவிட்டாள். மாதவன் நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பிறகு வினோதாவிடம் சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். வினோதா படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

மாதவன் கம்பெனி ஏணியைக் கேட்டு வாங்கிவந்து, படத்தைச் சுவாதியின் தலைக்கு நேர் மேலே கூரையில் ஒட்டினாராம். சுவரில் ஒட்டினால் அவளுக்குத் தெரியாது அல்லவா? மூன்று முறை இடம் மாற்றச் சொன்னாளாம். “கொஞ்சம் கீழ. இல்ல, ஃபேனுக்குப் பக்கத்துல.” அனிட்டா போனில் சொன்னாள். அவர் இப்போது கட்டிலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொள்கிறாராம். ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

அட்டை மாட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. நான்கு பேரும் அண்ணாந்து கூரையில் வெளிச்சம் பார்த்தோம். அப்பாவின் கை அவள் கைமேல்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

சுவாதி இன்று காலை பத்து மணிக்கு. இருவரும் பக்கத்தில் இருந்தார்கள்.

15 ஆகஸ்ட், வெள்ளி

கொடியேற்றத்துக்கு மத்தூர் பள்ளியில் கூப்பிட்டார்கள். போகவில்லை.

2 செப்டம்பர், செவ்வாய்

நாளை அந்தக் கட்டிலுக்கு வேறொரு பிள்ளை வருகிறது. படத்தை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் வாருங்கள் என்று அனிட்டா சொல்லியிருந்தாள். மாதவனும் வினோதாவும் ஒரே பைக்கில் வந்தார்கள்.

ஏணியைச் சாத்தியாயிற்று. மாதவன் முதல் படியில் கால் வைத்தவர், இறங்கிவிட்டார். “எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கறேன்” என்று சொல்லி, கட்டிலில் மல்லாந்து படுத்தார். பிள்ளைக் கட்டில். முழங்காலை மடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நானும் இதுவரை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன், படுத்துப் பார்த்ததில்லை. ஒரு மலையைக் கீழேயிருந்து பார்த்தது போல அந்தத் தாடை. அதில் புள்ளி புள்ளியாக இரண்டு நாள் தாடி. அவற்றில் நரைத்தவற்றை மட்டும் அவள் வெறுமனே விட்டிருந்தாள். தலைக்குப் பின்னால் ஃபேன் ஒரு பெரிய பூவாக விரிந்திருந்தது. கோடெல்லாம் நடுங்கியது. தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தால் முகம் அப்படித்தான் தெரியும்.

“இவ்ளோ பக்கத்துலயா இருந்தேன் நான்?” என்றார் மாதவன். யாரிடமும் இல்லை.

வெகுநேரம் படுத்திருந்தார். பிறகு சொன்னார்:

“வினோதா. இங்க வா. கொஞ்சம் குனி.”

வினோதா ஒரு நிமிடம் தயங்கினாள். கிட்டே போனாள். கட்டில் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கீழேயிருந்து அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாரம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டாள்.

அவர்கள் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். ஏணி சுவரோரம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. படத்தைக் கூரையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எனக்குப் பின்னால் யாராவது இந்த நோட்டைத் திறந்தால் அவர்களுக்கு: இன்றைக்கு ஒரு பத்து நிமிடம் தரையில் மல்லாந்து படுங்கள். வீட்டில் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, கிட்டே வந்து குனியச் சொல்லுங்கள். பேசாமல் பாருங்கள்.